பக்கத்து மேசையில் இருந்தவருக்கு

நரம்பணு ஆய்வகப் பயிற்சி, நள்ளிரவு. ஒரு செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையில், பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயின் நுனியே ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். அது மின்னோட்டம் கசியாதபடி செல்லோடு இறுக ஒட்டி ‘ஜிகாஓம் சீல்’ ஆக வேண்டும். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. என் கைதான் சரியில்லை என்று நொந்துபோயிருந்தேன்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. என் மூளைச் சீவல்கள் கிடந்த கரைசலை எட்டிப் பார்த்தீர்கள். குமிழியே இல்லை! 95% ஆக்சிஜன், 5% கார்பன் டைஆக்சைடு வரும் குழாய் எப்போதோ நழுவியிருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் என் செல்கள் நலிந்திருந்தன. அதைச் செருகிவிட்டு, உங்கள் சீவல் ஒன்றை என் சேம்பரில் வைத்தீர்கள். அது உங்களிடம் இருந்த கடைசிச் சீவல் என்று அப்புறம்தான் தெரிந்தது.

“பிப்பெட் இறங்கும்வரை உள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்காதீங்க. செல்லைத் தொட்டதும் அழுத்தத்தை விட்டுட்டு மெல்ல உறிஞ்சுங்க.”

சீல் விழுந்தது. திரும்பினால் நீங்கள் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை நான். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.