கைதான கப்பலுக்கு மாலுமியைக் காவல் வைக்காதீர்கள்: சூயஸ் கால்வாய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சூயஸ் கால்வாய் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மலேசியாவின் தஞ்சுங் பெலபாஸ் துறைமுகத்திலிருந்து ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்த ‘எவர் கிவன்’ என்னும் கண்டெய்னர் கப்பல், 2021 மார்ச் 23 அன்று காலை உங்கள் கால்வாயின் 151ஆவது கிலோமீட்டர் அருகே தரை தட்டிக் குறுக்கே நின்று, ஆறு நாட்கள் வழியை அடைத்தது. அந்த ஆறு நாட்களைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் பேசிவிட்டது. கப்பல் மிதந்த மார்ச் 29 தொடங்கி, அது விடுவிக்கப்பட்ட ஜூலை 7 வரை சென்ற நூறு நாட்களைப் பற்றி எழுதவே இந்த மடல். சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்து, ஓய்வு பெற்றுத் தூத்துக்குடியில் வசிப்பவன் நான். என் வேண்டுகோள் ஒன்றுதான்: கடனுக்காகவோ இழப்பீட்டுக்காகவோ ஒரு கப்பலைத் தடுத்து நிறுத்தும்போது, அதன் கேப்டனையோ மற்ற மாலுமிகளையோ அந்தக் கப்பலுக்குக் காவலராக இருத்தி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

உங்கள் பணியாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் கொண்டு, 18,000க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களைச் சுமந்து நின்ற கப்பலின் முகப்பு, கிழக்குக் கரையின் மண்ணுக்குள் ஆழப் புதைந்திருந்தது. உங்கள் ‘மஷ்ஹூர்’ தூர்வாரும் கப்பலும் கரையில் நின்ற மண் அள்ளும் இயந்திரங்களும் இரவு பகலாக வேலை செய்தன. சுமார் 30,000 கன மீட்டர் மணல் அகற்றப்பட்டது. நெதர்லாந்து மீட்பு வல்லுநர்களும் இழுவைக் கப்பல்களும் துணை நிற்க, பௌர்ணமியை ஒட்டி ஏறிய நீரின் வேகத்தில் கப்பல் நகர்ந்தது. மீட்புப் பணியில் உங்கள் ஊழியர் ஒருவர் உயிரிழந்ததை நீங்களே பிறகு அறிவித்தீர்கள். அவருக்கு என் அஞ்சலி.

அடைப்பின் விளைவுகளும் சிறியவை அல்ல. நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருபுறமும் காத்துக் கிடந்தன. அவற்றில் சில, தீவனம் தீர்ந்துவிடுமோ என்ற கவலையோடு ஆடுமாடுகளை ஏற்றிக்கொண்டு நின்றவை. சிரியாவில் எரிபொருள் பங்கீடு இறுக்கப்பட்டது. பொறுமையிழந்த சில கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் திரும்பின. கால்வாய்க் கட்டணத்தை நம்பியிருக்கும் உங்கள் நாட்டுக்கு நாளொன்றுக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் வருமானம் நின்றது. ஆகவே நீங்கள் இழப்பீடு கேட்டதில் தவறில்லை. முதலில் கேட்ட 91.6 கோடி டாலரில் 30 கோடி மீட்புக்கான ஊக்கத்தொகை, இன்னொரு 30 கோடி நற்பெயருக்கு ஏற்பட்ட பங்கம் என்று கப்பலின் காப்பீட்டு நிறுவனம் சொன்னபோது அது மிகையென்றே எனக்குப் பட்டது. நீங்களும் பிறகு 55 கோடிக்கு இறங்கி வந்தீர்கள். ஆனாலும் அது பணம் படைத்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம். கடனுக்குக் கப்பலைக் கைது செய்வதும் உலகெங்கும் உள்ள சட்டந்தான். இங்கே சென்னை உயர் நீதிமன்றமும் அத்தகைய ஆணைகளைப் பிறப்பிக்கிறது. எகிப்தின் இஸ்மாயிலியா நீதிமன்ற ஆணையின்பேரில் கப்பலைக் கால்வாயின் நடுவே உள்ள பெரிய கசப்பு ஏரியில் நிறுத்தியதை நான் எதிர்க்கவில்லை.

கப்பலோடு சேர்ந்து யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. கப்பலின் சொந்தக்காரர் ஜப்பானில் இருந்தார். அதை ஓட்டிய எவர்கிரீன் நிறுவனம் தைவானில் இருந்தது, நிர்வகித்த நிறுவனம் ஜெர்மனியில் இருந்தது, கொடி பனாமாவுடையது. பேரம் பேசிய இவர்களில் ஒருவரும் அந்த ஏரியில் ஓர் இரவுகூடக் கழிக்கவில்லை. ஏரியில் இருந்தவர்கள் 25 இந்திய மாலுமிகள். மாற்று ஆட்கள் வந்தால் மாலுமிகள் போகலாம், கப்பலுக்கும் சரக்குக்கும் காவலராகக் கேப்டன் மட்டும் இருக்க வேண்டும் என்று நீங்கள் விளக்கம் அளித்தீர்கள். சிலர் ஊர் திரும்பவும் செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில், துறைமுகங்களே மாலுமிகளை இறக்க மறுத்த நாட்களில், மாற்று ஆள் கிடைப்பது எத்தனை அரிது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் நங்கூரமிட்டு நின்ற ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்று கேட்டுவிட்டு, ஏரியில் அசையாமல் நிற்கும் கப்பலில் அடுத்த காவல் முறைக்குப் போகிற மனிதனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விபத்தின்போது கப்பலை இயக்கும் மேல்தள அறையில் உங்கள் பைலட்டுகள் இருவர் இருந்தார்கள். பைலட் தருவது ஆலோசனை மட்டுமே, முழுப் பொறுப்பும் கேப்டனுடையது என்பது உங்கள் விதி. சட்டத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் நடைமுறையில், மணற்புயல் கண்ணாடியில் அடித்து முன்னால் போகும் கப்பல் மங்கலாகத் தெரிகிற வேளையில், பைலட் “ஹார்ட் ஸ்டார்போர்டு” (முழுக்க வலப்பக்கம் திருப்பு) என்றால் சுக்கான் பிடிப்பவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத் திருப்புகிறார். இடையில் கேப்டனுக்கு யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள்தான். குறுகிய வாய்க்காலில் இத்தனை பெரிய கப்பல் கரையை நெருங்கினால், கரைக்கும் கப்பலுக்கும் இடையே நீர் விரைந்து ஓடி அழுத்தம் குறைய, கப்பலின் பின்பகுதி கரைப்பக்கம் இழுக்கப்பட்டு முகப்பு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். மேலே அடுக்கிய பெட்டிகளின் சுவரில் காற்றும் மோதினால் சுக்கானுக்குக் கட்டுப்படுத்துவது கடினம். ஆலோசனையைக் கேட்டு நடந்தவரே பிணையாகவும் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகத் தோன்றவில்லை.

இதே காலத்தில் உங்கள் கால்வாயின் தென்வாசலில் இன்னொரு கப்பல் நின்றிருந்தது. ‘அமான்’ என்ற அந்தச் சிறு சரக்குக் கப்பல் 2017 ஜூலையில் சான்றிதழ்கள் காலாவதியானதற்காகத் தடுக்கப்பட்டது, சொந்தக்காரர்கள் கைகழுவினார்கள். கேப்டன் கரையில் இருந்ததால், சிரியாவைச் சேர்ந்த தலைமை அதிகாரியை உள்ளூர் நீதிமன்றம் கப்பலின் சட்டக் காவலராக, அதாவது அதை விட்டுப் போக முடியாத பொறுப்பாளராக, நியமித்தது. அந்தத் தாளில் கையொப்பமிட்டபோது அதன் பொருள் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, மின்சாரம் இல்லாத கப்பலில் அவர் தனியாக இருந்தார். அங்கே இருக்கும்போதே அவருடைய தாயார் இறந்தார். புயல் ஒன்று கப்பலைக் கரையருகே தள்ளிய பிறகு, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் உணவு வாங்கவும் நீந்திக் கரைக்குப் போய்வந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் எகிப்துப் பிரதிநிதி காவலர் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகே அவர் வீடு திரும்பினார்.

அந்த நியமனம் நீதிமன்றம் செய்தது, ஆணையம் செய்ததல்ல என்பதை அறிவேன். ஆனால் அந்த முடிவிலேயே தீர்வும் இருக்கிறது: கரையில் இருக்கும் ஒருவர் காவலராக முடியும் என்று உங்கள் நாட்டு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால், கைது ஆணை கேட்டு மனுச் செய்யும்போதே, உள்ளூர்க் கப்பல் முகவரையோ காவல் நிறுவனத்தையோ காவலராக நியமிக்குமாறு ஆணையம் கேட்கலாம். அதற்கான செலவை உரிமைக்கோரலோடு சேர்த்துச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம். கப்பலை இயக்கக் குறைந்தபட்ச ஆட்கள் வேண்டுமென்றால், அவர்களை அனுப்பும் பொறுப்பையும் கெடுவையும் சொந்தக்காரர்மேல் சுமத்துங்கள். அவர் தவறினால் அபராதம் அவருக்கே போகட்டும். விபத்துக்குப் பின் மாலுமிகளை நியாயமாக நடத்துவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2006இல் வகுத்த வழிகாட்டுதல்கள், வாக்குமூலம் பெற்றபின் அவர்களைத் தாமதமின்றிப் போகவிடுமாறு கேட்கின்றன. அவற்றை உங்கள் கப்பல் போக்குவரத்து விதிகளிலேயே எழுதிவைக்கலாம்.

அந்த விபத்துக்குப் பின் நீங்கள் சும்மா இருக்கவில்லை. தெற்குப் பகுதியில் 30 கிலோமீட்டர் தொலைவைக் கிழக்கே 40 மீட்டர் அகலப்படுத்தவும், இரட்டை வழியை மேலும் 10 கிலோமீட்டர் நீட்டவும் பெரும் பணி செய்தீர்கள். செங்கடலில் கப்பல்கள்மீது நடந்த தாக்குதல்களால் 2024இல் உங்கள் வருவாய் பாதிக்கு மேல் சரிந்ததையும், விலகிப்போன கப்பல்களைத் திரும்ப அழைக்க நீங்கள் சலுகைகள் அறிவித்ததையும் கவனித்து வருகிறேன். அந்த அழைப்பை ஏற்று வரும் கப்பல்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். கால்வாயில் நுழையும் ஒவ்வொரு கேப்டனும் உங்கள் விதிகளின்படி நடக்கக் கடமைப்பட்டவர். அவற்றின் அடுத்த திருத்தத்தில், கைதான கப்பலுக்கு அதன் மாலுமி எவரும் காவலராக நியமிக்கப்படுவதை ஆணையம் கோராது என்ற ஒரு விதியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; அது இயலாது என்றால், அதற்கான காரணத்தைப் பகிரங்கமாக அறிவிக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி