மாயவரத்துக்கு எந்தப் பெயர் வைப்பது?

கும்பகோணம்,
ஞாயிறு இரவு

டேய் செந்தில்,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயும்தான் எழுதவில்லை, அதனால் கணக்கு சரி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேட்டூர் திறந்தாகிவிட்டது, நம்ம பக்கத்து வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை. ரவி அப்படியேதான் இருக்கிறான். அந்த ஹெல்மெட்டும் அவனிடம்தான் இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் செய்கிற மாட் (கம்ப்யூட்டர் விளையாட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றுகிற ஒட்டு) கதையைக் கேள்.

ராஜாவாக இருந்து நாடு பிடிக்கிற க்ரூசேடர் கிங்ஸ் 3 விளையாட்டில் ஆள்பவனின் பண்பாட்டுக்குத் தகுந்தபடி ஊர்ப் பெயர் மாறும், பார்த்திருப்பாய். நார்ஸ்காரன், அதாவது வைக்கிங், பிடித்தால் கான்ஸ்டான்டினோபிள் மிக்லகார்ட் ஆகிவிடும். 867-இல் ஆரம்பிக்கிற ஆட்டத்தில், சோழ நாட்டு ஊர்களுக்கு அதையே இன்னும் கொஞ்சம் நீட்டி, ராஜா பட்டப்பெயர் சூட்டினால் ஊரும் அந்தப் பெயருக்கு மாறுகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லைடா. பொலன்னறுவையைப் பிடித்ததும் ராஜராஜனின் பட்டத்தால் ஜனநாதமங்கலம் என்று ஆக்கினார்கள். தொண்டை மண்டலம் ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. நம்ம பழையாறை முடிகொண்ட சோழபுரம். நாகப்பட்டினத்துக்குச் சோழகுலவல்லிப்பட்டினம். பிரவுசிங் சென்டரில் விளையாட்டில் பிடித்த ஊருக்கெல்லாம் நீ உன் பெயரை வைத்தாயே, அவர்கள் அதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நிஜ ஊர்களில் செய்திருக்கிறார்கள்.

நடுவில் இரண்டு ராத்திரி வீண். பெயர்கள் இருக்கிற கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில், அதுவும் தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறி சேர்த்துச் சேமிக்க வேண்டும். நான் அதில்லாமல் சேமித்துவிட்டேன். திறந்தால் தஞ்சாவூர் இருக்கவேண்டிய இடத்தில் 'பி அடிக்கோடு தஞ்சாவூர்' என்று கோடு போட்ட குறிச்சொல் நிற்கிறது. திருச்சியிலிருந்து கடல் வரைக்கும் ஒரு ஊருக்குக்கூடப் பெயர் இல்லை. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அதைச் சரிசெய்ததும் எழுத்துச் சண்டை. விளையாட்டில் தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் வைக்க வேண்டும். பழையாறையில் வரும் ழ-வை எப்படி எழுதுவது? 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசு ஒரு பட்டியல் விட்டதே, ஞாபகம் இருக்கிறதா? சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அப்போது நாம் எவ்வளவு பேசினோம்! இப்போது நானே உட்கார்ந்து நாற்பது ஊருக்கு எழுத்துக் கூட்டும்போதுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று புரிகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது வேறு. மாயவரம். பஸ் போர்டில் மயிலாடுதுறை. 1982-இல் மாற்றியாயிற்று, 2020-இல் தனி மாவட்டமும் ஆயிற்று. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் கண்டக்டர் "மாயவரம், மாயவரம், மாயவரம்" என்றுதான் கத்துகிறார். இத்தனைக்கும் மயிலாடுதுறைதான் பழைய பெயர், தேவாரத்தில் இருக்கிறது. மாயவரத்து மாப்பிள்ளை நீயே சொல், உன் மாமனார் என்றைக்காவது மயிலாடுதுறை என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

அதற்குப் பிறகு மற்ற பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த ஊருக்கு ராஜா ஒட்டிய பெயர் நிற்கவில்லை. ஜனநாதமங்கலம் போயிற்று, சோழகுலவல்லிப்பட்டினம் போயிற்று, பழையாறை பழையாறையாகவே இருக்கிறது. புதிதாக எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. தாராசுரமும் அப்படித்தான். ராஜராஜேச்சரம் நாக்கில் தேய்ந்து தாராசுரம் ஆனாலும் உள்ளே இரண்டாம் ராஜராஜன் இருக்கிறான். அப்புறம் தண்ணீர்! ஊரிலிருந்து உதிர்ந்த அந்த 'முடிகொண்ட' இன்றைக்கும் முடிகொண்டான் ஆற்றில் ஓடுகிறது. மாயவரம் பக்கம் வீரசோழன் ஆறு. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால், அது முதலாம் ராஜராஜன் பட்டம். புதிதாகச் செய்து கொடுத்ததில் ராஜாவின் பெயரை ஜனங்கள் விட்டுவைத்தார்கள். ஏற்கெனவே தங்களுடையதாக இருந்ததை அவர்கள் கொடுக்கவில்லை. இது பிடிபட்டபோது மணி ராத்திரி இரண்டு. உன்னைக் கூப்பிட்டிருப்பேன், நீ எடுக்கமாட்டாய்.

அதனால் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர் வைத்துவிட்டேன். ராஜா உயிரோடு இருக்கும்வரை அவன் வைத்தது வரைபடத்தில் தெரியும். அவன் செத்தால் ஸ்கிரிப்ட் ஓடிப் பழைய பெயர் திரும்பி வரும். புதிதாகக் கட்டிய ஊர் என்றால் அவன் பெயரே தங்கும். ரவிக்கு இது பிடிக்கவில்லை. கல்வெட்டில் இருப்பதுதான் பெயர், மற்றதெல்லாம் பேச்சு என்கிறான். கல்வெட்டு வெட்டச் சொன்னவன் யார் என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. நீதான் அவனிடம் சொல்ல வேண்டும், நீ சொன்னால் கேட்பான்.

சரி, அந்த விஷயம். போன புதன்கிழமை பட்டீஸ்வரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். உங்கள் பனையடி வயலில் மண் அடித்து நிரவிவிட்டார்கள். உன்னிடம் வாங்கியவர் வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டார் போலிருக்கிறது. வரப்பு இருந்த இடமெல்லாம் மஞ்சள் கல் நட்டிருக்கிறது. மேலே பெரிய போர்டு, ஏதோ ஒரு 'அவென்யூ'. மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் ஓரமாகக் கிடந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். நீ விற்றதைக் குறை சொல்லவில்லைடா, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எனக்குத் தெரியும். வேறு யாராவது போனில் படம் அனுப்பி நீ பார்ப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இன்னொன்று. பழையாறைக்குத் தெற்கே வரைபடத்தில் ஒரு சின்ன இடம் காலியாக இருக்கிறது. விளையாட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும். எந்த ராஜா வந்தாலும் மாறாதபடி அதைப் பூட்டி வைத்திருக்கிறேன். உன் அப்பா அதை எப்படிச் சொல்வார், பனையடிச் செய் என்றா, பனையடி மூணு மா என்றா? எனக்கு இரண்டும் கேட்ட மாதிரி இருக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

உன்,
பாலு