மாதச் சம்பளம் இல்லாத மகளின் கடிதம்

பெர்லின்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே? சென்ற கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்ததற்குத் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால் இன்று அமர்ந்து விரிவாக எழுதுகிறேன். மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, உடம்புக்கு ஒன்று வந்தால் என்ன செய்வாய், படம் போட்டுக்கொண்டே எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கியவர் நீங்கள். அந்தக் கவலையில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது.

படங்களை விற்று மட்டுமே குடும்பம் நடத்தும் கலைஞர்கள் எனக்குத் தெரிந்தவரை இங்கும் மிகச் சிலரே. எனக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது: செப்புத் தகட்டில் செய்யும் அச்சுப் படங்களின் விற்பனை, வாரத்தில் சில மாலைகளில் நடத்தும் அச்சுக்கலை வகுப்புகள், எப்போதாவது கிடைக்கும் புத்தக அட்டை வேலை. இவற்றில் எதுவும் தனியாக நின்று என்னைக் காப்பாற்றாது. ஒன்று வறண்ட மாதத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது. முதல் ஆண்டில் மூன்றும் சேர்ந்தே போதாமல் இருந்தபோது வாடகையில் ஒரு பங்கு உங்கள் பணம் என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. கலைஞராக வாழ்ந்த பலருக்குப் பின்னால் வேறொருவரின் சம்பளம் இருந்திருக்கிறது. இதே ஊரில் ஏழைத் தொழிலாளர்களின் துயரத்தை அச்சுப் படங்களாக்கிய கேத்தே கோல்விட்ஸின் கணவர் ஒரு மருத்துவர். அந்தப் பகுதித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கேத்தேயின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் நினைவு வருகிறது.

பி.எஃப். பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த நாட்டில் சுயமாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் என்றே ஒரு காப்பீட்டு ஏற்பாடு இருக்கிறது. எல்லோரும் அதைக் கா-எஸ்-கா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதற்கான சட்டம் 1981-இல் இயற்றப்பட்டு 1983-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்தவர், மருத்துவக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றுக்கும் உரிய தொகையில் பாதியைச் செலுத்தினால் போதும். அதாவது, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் தம் பங்கை மட்டும் கட்டுவதைப் போலவே நானும் கட்டுகிறேன். முதலாளி கட்ட வேண்டிய மறுபாதியில் மொத்தத் தொகையின் 20 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. எஞ்சிய 30 சதவீதம், கலைஞர்களிடம் வேலை வாங்கும் பதிப்பகங்கள், கலைக்கூடங்கள், விளம்பர நிறுவனங்கள் போன்றவற்றிடமிருந்து வசூலாகிறது. கலைஞருக்குக் கொடுத்த ஊதியத்தின் மீது அவை ஒரு தீர்வை கட்ட வேண்டும்; 2025-ஆம் ஆண்டில் அது 5 சதவீதம். ஓர் அட்டைப்படத்தை வாங்கும் பதிப்பாளர் அதை வரைந்தவரின் காய்ச்சலுக்கும் முதுமைக்கும் ஒரு பங்கு பொறுப்பு என்று சட்டமே சொல்வதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், வேறு எப்படி இருக்க முடியும் என்றே தோன்றுகிறது.

இதில் சேர்வது எளிதாக இருக்கவில்லை. ‘நான் கலைஞர்’ என்று சொல்வதை அவர்கள் ஏற்பதில்லை. கலையே என் பிழைப்பு என்று காட்ட வேண்டும். கண்காட்சி அழைப்பிதழ்கள், நான் அனுப்பிய இன்வாய்ஸ்கள், அந்தப் பணம் வங்கியில் வந்து சேர்ந்ததற்கான பதிவுகள் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். கலையிலிருந்து ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தொழிலைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அந்த வரம்பு கிடையாது என்பதால் தப்பித்தேன். அடுத்த ஆண்டு எவ்வளவு சம்பாதிப்போம் என்று நாமே ஒரு மதிப்பீடு எழுதி அனுப்ப வேண்டும், அதை வைத்துக் கட்டணம் குறிப்பார்கள். இடையில் வருமானம் குறைந்தால் மதிப்பீட்டை மாற்றித் தரலாம். ஆகவே, சில மாதங்கள் ஒரு படமும் விற்காவிட்டாலும் காய்ச்சல் வந்தால் தயங்காமல் மருத்துவரிடம் போகிறேன். ஓய்வூதியத்தைப் பற்றி மட்டும் உங்களுக்குப் பெரிய நம்பிக்கை தர முடியாது. குறைந்த வருமானத்துக்குக் குறைந்த தொகையே கட்டுகிறேன், கிடைக்கப்போவதும் குறைவாகத்தான் இருக்கும். அதற்கென்று தனியாகச் சிறிது சேர்த்து வருகிறேன்.

விசாவையும் கேட்டிருந்தீர்கள். சுயதொழில் செய்பவருக்கான அனுமதியில் இருக்கிறேன். அதைப் புதுப்பிக்கும்போது வருமானக் கணக்கு, காப்பீட்டுச் சான்று, வேலை தர விரும்புவோரின் கடிதங்கள் எல்லாம் காட்ட வேண்டும். கோப்பு ஒழுங்காக இருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமையடையாது. க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் பெத்தானியன் என்றொரு பெரிய கட்டடம் இருக்கிறது. 1840-களில் மருத்துவமனையாகக் கட்டியது. மருத்துவமனை 1970-இல் மூடப்பட்ட பிறகு கலைகளுக்கான இடமாயிற்று. ஓவியர், சிற்பிகளின் சங்கம் அங்கே ஒரு பொது அச்சுப் பட்டறை நடத்துகிறது. டன் கணக்கில் எடையுள்ள அச்சு இயந்திரத்தை வாங்கவோ, வாங்கினாலும் வாடகை அறையில் வைக்கவோ என்னால் முடியாது. அங்கே கட்டணம் செலுத்தி, நாள் குறித்துக்கொண்டு, என் தகடுகளோடு போகிறேன்.

ஒரு படம் எப்படி உருவாகிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. செப்புத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரித்து, அதன் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி வரைகிறேன். பிறகு தகட்டைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் இறக்கினால், கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிபட்டுப் பள்ளமாகிறது. எடுக்கும் நேரம் தப்பினால் மெல்லிய கோடு தடித்துவிடும். மெழுகைத் துடைத்தெடுத்து, கெட்டியான கறுப்பு மையைத் தகடு முழுவதும் அழுத்தித் தேய்த்து, விறைப்பான வலைத்துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பேன். கடைசித் துடைப்பு உள்ளங்கையால்தான். மை பள்ளங்களில் தங்கி, மேற்பரப்பு மங்கலாகப் பளபளக்கும்போது கை தானாக நின்றுவிடும். ஈரப்படுத்திய காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து, கம்பளி விரிப்புகளை மூடி, உருளைக்கு அடியில் செலுத்தி, காகிதத்தை ஒரு மூலையிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். அடுத்த பிரதிக்கு மறுபடியும் மையிலிருந்து தொடக்கம். ஒரே தகட்டிலிருந்து 20 பிரதிகள் எடுத்தால் இருபதும் மூலப்படங்களே. பென்சிலால் 1/20, 2/20 என்று எண்ணிட்டுக் கையொப்பமிடுகிறேன். ஒற்றை ஓவியத்துக்குச் செல்வந்தர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். அச்சுப் படத்தை ஓர் ஆசிரியையோ செவிலியரோ தம் சம்பளத்தில் வாங்க முடிகிறது. என்னிடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் அத்தகையவர்களே என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கட்டடம் மருத்துவமனையாக இருந்தபோது, 1848-இலும் 1849-இலும், அங்கே மருந்தாளுநராக வேலை பார்த்தவர் தியோடர் ஃபொன்டானே. ஜெர்மானிய இலக்கியத்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர். அவருடைய மருந்தறை இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 1849-இல் அந்தத் தொழிலை விட்டு எழுத்தை நம்பி வந்தவர், அதன்பின் பல ஆண்டுகள் பத்திரிகை வேலையிலும் நாடக விமர்சனத்திலும் பிழைத்தார். 1876-இல் கலைக்கழகத்தின் செயலாளர் என்ற நிரந்தரப் பதவி கிடைத்தது. சில மாதங்களிலேயே அதையும் துறந்தார். அவருடைய முதல் நாவல் 1878-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 58. பதவியை விட்டதற்காக அவர் மனைவி கடும் கோபம் கொண்டார்; அந்தக் கோபத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபொன்டானே எதையும் வீணாக்கவில்லை என்றே நினைக்கிறேன். பத்திரிகைக்காக ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்ததெல்லாம் பிற்காலத்தில் நாவல்களுக்குள் வந்து சேர்ந்தது.

என் அனுபவத்தில், பணத்தைவிட எளிதில் கைநழுவிப் போவது நேரம். அதனால் காலைப் பொழுதை என் சொந்த வேலைக்கு என்று ஒதுக்கிவிட்டேன். மதியம்வரை கடிதம் பார்ப்பதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை. வகுப்பு, கணக்கு, இன்வாய்ஸ் எல்லாம் பிற்பகலுக்குத்தான். பிழைப்பு வேலையை ஏற்கும்போதும் ஒன்றைக் கவனிக்கிறேன்: அது அடுத்த நாள் காலைக்கு என் கையிலும் கண்ணிலும் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்குமா? வகுப்பு எடுத்தால் தொண்டைதான் களைக்கும், கை களைக்காது. அவசரமாக நாற்பது சிறு படங்கள் கேட்கும் வேலை நல்ல பணம் தந்தாலும், அது முடிந்த பின் பல நாட்கள் என் தகட்டின் முன் அமர மனம் வருவதில்லை. அத்தகைய வேலையை இப்போது மறுத்துவிடுகிறேன். நீங்கள் இதைத் திமிர் என்று எண்ணக் கூடாது.

நிலைமை எல்லாம் சீராக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். பெர்லின் மாநகர அரசு 2025-ஆம் ஆண்டுக்கான பண்பாட்டு நிதியில் சுமார் 130 மில்லியன் யூரோவைக் குறைத்துவிட்டது. ஓர் அமைப்பு என்னோடு பேசி முடித்திருந்த வகுப்பைக் கைவிட்டது. நண்பர்கள் சிலர் வாடகை தாங்காமல் பட்டறையைக் காலி செய்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் கலைஞர்கள் சேர்ந்து பேசியபோது நானும் எழுந்து என் திக்கும் ஜெர்மன் மொழியில் இரண்டு நிமிடம் பேசினேன். பேசியது சரியென்றே இன்றும் கருதுகிறேன். மூன்று வழிகளில் ஒன்று சுருங்கியதால் வசந்த காலத்துக்குள் இன்னொரு வகுப்பைத் தேட வேண்டும். இரண்டு இடங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு வருமான மதிப்பீட்டை டிசம்பர் 1-க்குள் அனுப்ப வேண்டும். வரவு, காகிதம், மை, பட்டறைக் கட்டணம், வரி என்று தனித்தனியாகப் பிரித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கில் உங்களுக்கு இருக்கும் கண் எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன், பென்சிலோடு உட்காருங்கள். செலவில் எதைக் குறைக்கலாம் என்று நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்பேன், காலை நேரத்தைத் தவிர. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் அந்தப் பணத்தில் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்