அலாரம் அடித்தும் எழுந்து போகாதவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

ஐசியூ அலாரங்களுக்குச் செவிலியர்கள் எப்படிப் பதில் தருகிறார்கள் என்று நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை முழுதாகப் படித்துவிட்டேன். புள்ளியியல் பகுதி பாதிக்கு மேல் எனக்கு எட்டவில்லை, அதை உன் கைடு பார்த்துக்கொள்ளட்டும். "அலாரத்துக்குப் பதில் தராத செவிலியர்கள்" என்று ஒரு பகுதி எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நின்றுவிட்டேன். போனில் "நீ எப்பவாவது அலாரத்தைக் கண்டுக்காம விட்டிருக்கியாம்மா?" என்று கேட்டாய். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாமை வைத்துக்கொண்டு நீ அத்தியாயம் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐசியூவில் கொஞ்சம் தேறிவிட்ட நோயாளி ஒருவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பல் துலக்குகிறார் என்று வை. கை ஆடும்போது மார்பில் ஒட்டியிருக்கும் ஈசிஜி லீடும் சேர்ந்து ஆடும். மானிட்டரில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். மெஷின் அதைப் பார்த்துவிட்டு, உயிருக்கே ஆபத்தான வேகத் துடிப்பு, அதாவது வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா, வந்துவிட்டது என்று சிவப்பு விளக்கைப் போட்டு உச்சக் குரலில் கத்தும். நான் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குச் சக்‌ஷன் போட்டுச் சளி எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு கையிலும் கிளவுஸ், பாதியில் விட முடியாத வேலை. தலையை மட்டும் திருப்புவேன். வாயில் பிரஷ், முகம் தெளிவாக இருக்கிறது. அதே திரையில், மற்ற கையின் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து வரும் பல்ஸ் அலை ஒழுங்காக ஓடுகிறது. இதயம் நிஜமாகவே அப்படித் துடித்தால் அந்த அலை இப்படி அழகாக ஓடாது. திரும்பி என் வேலையைப் பார்ப்பேன்.

இதையே மூலையில் ஒரு கேமரா வைத்துப் பதிவு செய்தால் உன் அட்டவணையில் என்ன விழும்? அலாரம் அடித்தது, செவிலியர் கட்டிலுக்குப் போகவில்லை, பட்டனை அமுக்கவில்லை. பதில் இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்தத் தலை திருப்பலுக்குள் நடந்தது எதற்கும் உன் தாளில் இடமில்லை. ஆளைப் பார்த்தது, இரண்டாவது அலையோடு ஒத்துப் பார்த்தது, கையிலிருக்கும் வேலையை நிறுத்தலாமா என்று முடிவெடுத்தது, எல்லாம் சேர்ந்து ஒரு பூஜ்ஜியம்.

நான் சாக்கு சொல்வதாக நினைக்காதே. உன் திட்டத்திலேயே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் நடந்த ஆய்வைச் சொல்லியிருக்கிறாய். 2014-இல் வெளிவந்தது. 77 ஐசியூ படுக்கைகள், 31 நாள், மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல் அலாரங்கள். காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்புக் கோளாறு என்று மெஷின் சொன்னவற்றில் 12,671-ஐ எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது 88.8 சதவீதம் பொய். இந்தக் கணக்கை முன்னுரையில் போட்டுவிட்டு, பத்துப் பக்கம் தள்ளி, பதில் தராதவர்களின் "கவனக் குறைபாடு" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறைத்தது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா?

ஆனால் செவிலியர் பக்கமே எல்லா நியாயமும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் ஒரு எச்சரிக்கை விட்டது. 2009 தொடங்கி 2012 பாதி வரை அலாரம் சம்பந்தப்பட்டதாக அவர்களிடம் வந்த 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருந்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தது, அணைத்து வைத்தது, கேட்காமல் போனது எல்லாம் அதில் உண்டு. ஆக, போகாமல் இருப்பதில் இரண்டு வகை இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகாமல் இருப்பது ஒன்று, பார்க்காமலே இருப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உன் ஆய்வால் முடிந்தால் அதுவே பெரிய வேலை. முடியாவிட்டால் மெஷின் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே சொல்வதைத்தான் நீயும் சொல்லப்போகிறாய்.

இனி சோதனைக்கு வருகிறேன். கல்லூரி மாணவர்களைத் திரை முன்னால் உட்காரவைத்து, வரும் அலாரங்களில் பாதி நிஜம், பாதி பொய் என்று வைத்திருக்கிறாய். பாதிக்குப் பாதி நிஜமாக அடிக்கிற வார்டில் வேலை பார்க்க எனக்கும் ஆசைதான்! ஜெரமி வுல்ஃப் குழு 2005-இல் செய்த தேடல் சோதனை உனக்குத் தெரியாமல் இருக்காது. தேட வேண்டிய பொருள் பாதித் திரைகளில் இருந்தபோது ஆட்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு திரையில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அதே கண், அதே ஆட்கள், பொருள் எவ்வளவு அரிதாக வருகிறது என்பது மட்டும்தான் மாறியது. அப்படியானால் பாதிக்குப் பாதி வைத்து நீ அளப்பது எந்த உலகத்தை?

உன் கைடு ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. நூற்றுக்கு ஒன்று நிஜம் என்று வைத்தால், கணக்குப் போடத் தேவையான அளவுக்கு நிஜ அலாரம் சேர ஒவ்வொரு மாணவரையும் நாள் கணக்கில் உட்காரவைக்க வேண்டும். யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் தூங்கிவிடுவார்கள். சரி, பாதிக்குப் பாதி ஒரு குழு, பத்துக்கு ஒன்று ஒரு குழு என்றாவது வைத்துப் பாரேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு சரிகிறது என்று தெரிந்தாலே உனக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

நீ முன்மாதிரியாக எடுத்திருக்கும் நார்மன் மக்வொர்த்தின் கடிகாரச் சோதனை வேறு எனக்கு நெருடுகிறது. உலகப் போரில் ராடார் பார்த்தவர்களுக்கு நேரம் ஆக ஆக ஏன் கண்ணில் படாமல் போகிறது என்று பார்க்கச் செய்தது அது. தனி அறை, வெறும் வெள்ளை முகப்பு, டிக் டிக்கென்று நகரும் ஒரு முள், எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவும், அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள். ராடாருக்கு அது பொருத்தம்தான். வார்டில் யாருக்கு அந்த மாதிரி சும்மா உட்கார்ந்து திரையைப் பார்க்கும் பாக்கியம்? கை ஓயாது. ஒரு கட்டிலில் மருந்து ஏற்றும்போது இன்னொன்றில் யாராவது குழாயைப் பிடுங்குவார், டாக்டர் கேள்வி கேட்பார், உறவினர் கதவருகே நிற்பார். அங்கே அலுப்பால் கவனம் போவதில்லை, நாலு பக்கமும் இழுபடுவதால் போகிறது. உன் மாணவர்களின் கைக்கும் ஒரு வேலை கொடு. மருந்து அளவு கணக்குப் போடச் சொல்லி, அதன் நடுவே அலாரம் அடிக்க விடு.

மனிதனைத் திட்டுவதற்கு முன் மெஷினைப் பார் என்பது, மனிதனும் மெஷினும் சேர்ந்து வேலை செய்வதை ஆராயும் உங்கள் துறை பிறந்த கதையே அல்லவா? பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுகிறார்கள், எல்லாம் விமானியின் பிழை என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய் காக்பிட்டைப் பார்த்தார். சக்கரத்துக்கும், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்புக்கும் ஒரே மாதிரி சுவிட்ச், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் சின்னச் சக்கர வடிவத்தை ஒட்டினார், மற்றதில் மடிப்பின் வடிவத்தை. இன்றைக்கும் விமானத்தில் அந்த வடிவங்கள்தான் இருக்கின்றன. நீ முதல் வருஷம் படிக்கும்போது இதை எனக்கு எவ்வளவு உற்சாகமாகச் சொன்னாய்!

அதே கண்ணோடு எங்கள் சத்தங்களையும் பாரேன். எந்த மெஷின் எதற்குக் கத்துகிறது என்று பிரித்துச் சொல்ல, இதயத்துக்கு ஒரு மெட்டு, மூச்சுக்கு ஒரு மெட்டு என்று சர்வதேசத் தரத்திலேயே குட்டி மெட்டுகள் வைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் செவிலியர்களாலேயே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. அவற்றை உருவாக்கிய பிராங்க் பிளாக் என்ற மயக்கமருந்து மருத்துவரே பின்னால் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்த மனுஷன் மேல் எனக்கு அதன் பிறகுதான் மரியாதை வந்தது. 2020-இல் தரத்தைத் திருத்தியபோது இதயத்துக்கு இதயத்துடிப்பு போன்ற சத்தம், மருந்துக்கு மாத்திரை டப்பா குலுங்குகிற சத்தம் என்று சேர்த்தார்கள். இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று யாராவது ஒரு தீசிஸ் எழுதலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அலாரமே இல்லாத ஒரு சத்தம். விரல் கிளிப் மெஷின் ஒவ்வொரு துடிப்புக்கும் பீப் பீப் என்று போடும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்பின் சுருதி இறங்கும். முதுகைக் காட்டி நின்றாலும் சுருதி இறங்குவது காதில் விழும். திரும்பிப் பார்க்கும்போது எண் இன்னும் அலாரம் அடிக்கும் அளவுக்கு வந்திருக்காது. அது யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை, சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறது. உன் சோதனையில் இந்த மாதிரி ஒரு தொடர்ச் சத்தத்தையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

இரண்டாம் கட்டத்தில் பொய் அலாரங்களை வடிகட்ட ஏஐ வைக்கப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நல்லதுதான், காது பிழைக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பொய் அலாரத்துக்குப் போன இடத்தில்தான் பல நேரம் டிரிப் போட்ட கை வீங்கியிருப்பதையோ, பேச்சு குழறுவதையோ பார்ப்போம். அது அந்தப் பொய் அலாரத்தை வைத்திருக்கக் காரணம் ஆகாது. ஆனால் அதை எடுத்தால் கட்டிலருகே போகிற தடவையும் குறையும், அதை எப்படி ஈடுகட்டப்போகிறாய் என்று யோசி. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய கட்டுரையை நீ அனுப்பினாயே, அதில் சொன்னது இதற்குக் கிட்டத்தில்தான் வருகிறது. எளிதான வேலையை மெஷின் எடுத்துக்கொண்டு, மெஷினைக் கண்காணிக்கிற கஷ்டமான வேலையை மனிதனிடம் விடுகிறது, பழக்கம் விட்டுப்போன கையிடம்தான் கடைசி நேரத்தில் பொறுப்பு வந்து சேர்கிறது. நாற்பது வருஷம் ஆகியும் அதற்கு யாரும் சரியான பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

வேலைப் பளுவை அளக்க நாசாவின் ஆறு கேள்விப் படிவத்தை வைத்திருக்கிறாய், இருக்கட்டும். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு அவசரம், எவ்வளவு எரிச்சல் என்று அது கேட்கும். ஏன் போகவில்லை என்று கேட்காது. அதற்கு நீயே ஒரு வரி சேர். ஷிப்ட் முடிந்து கேட்காதே, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், எனக்கும் ஞாபகம் இருந்திருக்காது. அன்றைய பதிவிலிருந்து சில இடங்களைப் போட்டுக் காட்டி, "இங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேள். என்ன தவறவிட்டீர்கள் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்புறம், பதற்றம் ஓரளவு கூடினால் செயல்திறன் கூடும், அளவு மீறினால் இறங்கும் என்று காட்டும் அந்தக் கவிழ்த்த கிண்ணப் படத்துக்குக் கீழே 1908, யெர்க்ஸ், டாட்சன் என்று போட்டிருக்கிறாய். அது எலிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துச் செய்தது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். செவிலியர் என்ற தலைப்புக்குக் கீழே அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, எடுத்துவிடு.

கடைசியாக உன் தூக்கம். ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது என்கிறாய். 2003-இல் வான் டோங்கன் குழு செய்ததை நீயே மேற்கோள் காட்டியிருக்கிறாய். இரண்டு வாரம் தினமும் ஆறு மணியோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்கள், ஒன்றிரண்டு இரவு முழுக்க விழித்தவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். தூக்கம் வருகிறதா என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் நீ சொல்வதும் ஒரே வாசகம். நைட் டியூட்டியில் நானும் சொன்ன வாசகம்தான், அதனால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வார்டில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தால் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கு. நர்ஸ் ஸ்டேஷனில் உட்காராதே, அங்கிருந்து திரைகள்தான் தெரியும். இரண்டு கட்டிலுக்கு நடுவில், வழியை மறைக்காத இடமாகப் பார்த்து நில். முதல் நாள் எதுவும் எழுதாதே. திருத்திய கேள்வித்தாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா