எண்களை மட்டும் அனுப்பு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம், அவள் ஈசூன் வீட்டுக்குத் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். "வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தாதீர்கள்" என்று எனக்குத் தடை போட்டிருக்கிறாள்.

இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் மோதிரம் இல்லை. பெர்த்தில் வெயில், விரல் வீங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். இருக்கலாம், பலருக்கும் வீங்கும். நான் கேட்பது ரத்த அழுத்தத்தை. வீக்கத்தோடு அதுவும் ஏறினால், நஞ்சுக்கொடியில் தொடங்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால நோயாக இருக்கலாம். முன்பு ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அனுப்புவாய். இப்போது "நன்றாக இருக்கிறேன்" மட்டும்தான் வருகிறது.

நஞ்சுக்கொடித் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றியே ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். அதில் செல்கள் இறப்பது புதிதல்ல. தாயின் ரத்தத்தில் தோய்ந்திருக்கும் மேலுறை, தோல் உதிர்வதுபோல உதிர்ந்துகொண்டே இருக்கும்; உடல் அதை ஓசையின்றி அப்புறப்படுத்திவிடும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் கருப்பையின் சுருள் தமனிகள் போதிய அளவு விரியாவிட்டால்தான் வம்பு. ரத்தம் சீராக வராது. ஆக்சிஜன் ஏறி இறங்கும். செல்கள் அளவுக்கு மீறி மடியும், சில முறைப்படி ஒடுங்காமல் வெடித்துச் சிதறும். அந்தச் சிதறல்களோடு, நஞ்சுக்கொடி மிகுதியாக விடும் சில புரதங்களும் தாயின் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரில் புரதம் இறங்குவதும் அழுத்தம் ஏறுவதும், கல்லீரலையும் மூளையையும் தொடுவதும் அதன் பின்விளைவுகள். 1893இலேயே ஷ்மோர்ல் என்ற ஜெர்மானியர், வலிப்பு கண்டு இறந்த தாய்மாரின் நுரையீரலில் நஞ்சுக்கொடிச் செல்களைக் கண்டார். செல் இறப்பு காரணமா, விளைவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும்.

உனக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தமனிகள் விரியவேண்டியது கர்ப்பத்தின் முதல் பாதியில். நீ வேலைக்குப் போனதாலோ, பெரியத்தை சொல்வதுபோல ஊறுகாய் தின்றதாலோ வருகிற வினை இல்லை இது. அப்படியிருக்க, யாருக்குப் பயந்து மறைக்கிறாய்? சின்ன வயதிலும் மதிப்பெண் குறைந்த தாள் பைக்குள்ளேயே மடிந்துகிடக்கும். என் மகள் சுரங்கப்பாதை கட்டும் பொறியாளர் என்று காப்பிக்கடையில் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். அந்தப் பொறியாளருக்கு இரண்டு எண்களை எழுதி அனுப்பக் கை வரவில்லை.

நீ பிறந்தபோது அம்மா இதே நோயால் பட்டது உனக்குத் தெரியும். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். உன் மருத்துவரிடம் அதைச் சொன்னாயா? முன்பே சொல்லியிருந்தால் இதைத் தடுக்க ஆஸ்பிரின் பற்றிப் பேசியிருப்பார்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம். இனி அதைப் பேசிப் பயனில்லை. ஆனாலும் சொல்லிவிடு. அடுத்த முறை அல்ல, நாளைக்கே.

அழுத்தம் 140/90 என்றால் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய். 160/110 என்றால் எதற்கும் காத்திராமல் போ. விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றைக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடாதே. மாப்பிள்ளை தூங்கினால் எழுப்பு, இரவுப் பணியில் இருந்தாலும் கூப்பிடு. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இது தீரும். வந்த பிறகும் சில வாரம் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைவலியை மட்டும் அலட்சியம் செய்யாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

அம்மா பிரசவ மருந்துப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். டிக்கெட்டை முன்கூட்டியே மாற்ற முடியுமா என்று விசாரித்துவிட்டேன், முடியும்.

எண்களை என் கைப்பேசிக்கு அனுப்பு. குடும்பக் குழுவில் போடாதே, பெரியத்தை பார்த்துவிடுவார்.

அப்பா