கவ் பேலஸ் திடலைப் பற்றி செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் இருந்து விடு. அவர்களிடம் விட்டால் சரி சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். இங்கே எல்லோரும் நலம். நிலா அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகிறாள்.

உங்கள் ஊர் மாட்டுச் சந்தைத் திடலில் வணிக வளாகம் கட்டப் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருந்தாய். "வாரத்தில் ஒரு நாள்தானே சந்தை, மற்ற நாளெல்லாம் சும்மாதானே கிடக்கிறது" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகவும், உனக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்றும் சொல்லியிருந்தாய். அதே கேள்வியை இங்கேயும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியில், சான் பிரான்சிஸ்கோ எல்லையை ஒட்டி, கவ் பேலஸ், அதாவது 'மாட்டு அரண்மனை' என்ற இடம் இருக்கிறது. 68 ஏக்கர், மாநில அரசின் கண்காட்சித் திடல். பெரும் பொருளாதார மந்தத்தின்போது வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்தில் கட்டி, 1941இல் கால்நடைக் கண்காட்சிக்காகத் திறந்தார்கள். ஜனங்கள் சோற்றுக்கு அலையும்போது மாட்டுக்கு அரண்மனையா என்று ஒரு பத்திரிகை கேட்டதாகவும், பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனைக்குக் கப்பலேறும் சிப்பாய்கள் அங்கே படுத்து உறங்கினார்கள். 1956, 1964 ஆகிய இரண்டு வருஷமும் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு அங்கேதான் நடந்தது. பீட்டில்ஸ் குழு 1964இல் தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பெருமையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் ரோடியோ, காளையும் குதிரையும் வைத்து நடக்கும் இந்த ஊர் வீர விளையாட்டு. 'கிராண்ட் நேஷனல்' என்ற பெயரில் 1941லிருந்து நடக்கிறது, இப்போது அக்டோபரில். நிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம் ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்து அணைவார்கள், இங்கே காளையின் முதுகில் ஏறி ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்த கை காளை மேல் பட்டால் மதிப்பெண் இல்லை. காளைக்கும் தனியே மதிப்பெண் போடுகிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பெண்கள் குதிரையில் மூன்று பீப்பாய்களைச் சுற்றித் திரும்பும் பந்தயத்தில் நிலா எழுந்து நின்று கத்தினாள். தொழுவப் பக்கம் போனால் வைக்கோலும் சாணமும் கலந்த அந்த வாசம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் இப்படி ஓர் இடமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இதைத்தான் விற்கப் பார்த்தார்கள். 2009இல் மாநில பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தபோது, ஆளுநர் ஷ்வார்ஸ்நேகர் விற்க முன்வைத்த அரசுச் சொத்துகளில் கவ் பேலசும் ஒன்று. மாநிலத்தின் தெற்கே உள்ள டெல் மார், ஆரஞ்சு கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கண்காட்சித் திடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆரஞ்சு கவுண்டி திடலை 10 கோடி டாலருக்குத் தனியாருக்குக் கொடுக்கும் அளவுக்கே போய்விட்டது. உள்ளூர் மக்கள் விடாமல் எதிர்த்தார்கள், வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, விற்பனை நடக்கவில்லை. கவ் பேலசுக்கு 2019இல் மறுபடி ஒரு மசோதா வந்தது. நிர்வாகத்தை வேறு அமைப்பிடம் மாற்றி அங்கே வீடுகள் கட்டலாம் என்பது யோசனை. நிலம் கைமாறவில்லை.

வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், செந்தில். இங்கே வாடகை கொடுக்க முடியாமல் ஊரை விட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் வீட்டை அடுக்கடுக்காக வேறு நிலத்தில் எழுப்பலாம். நகரத்துக்குள் 68 ஏக்கரை ஒரு தடவை துண்டு போட்டால், எந்த அரசாலும் அதைத் திரும்பச் சேர்க்க முடியாது.

மற்ற நாளெல்லாம் சும்மாதானே என்று உங்கள் கூட்டத்தில் அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு என் பதில் 2017இல் இருக்கிறது. அக்டோபரில் சாண்டா ரோசாவில் காட்டுத்தீ ஊருக்குள்ளேயே புகுந்தது. வீடு இழந்தவர்கள் சொனோமா கவுண்டி கண்காட்சித் திடலில் தங்கினார்கள், அவர்களுடைய குதிரைகளுக்கும் ஆடுகளுக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. டிசம்பரில் சான் டியேகோ பக்கம் தீ வந்தபோது நூற்றுக்கணக்கான குதிரைகளை டெல் மார் திடலின் லாயங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2009இல் விற்றிருந்தால் அந்தக் குதிரைகளை எங்கே கொண்டுபோயிருப்பார்கள்? லாயம், தண்ணீர்க் குழாய், லாரி திரும்ப இடம் எல்லாம் ஒரே இடத்தில் ஏற்கெனவே இருந்தது. சும்மா கிடந்ததால்தான் அன்றைக்கு உதவியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்பனையைத் தடுத்தால் மட்டும் திடல் பிழைக்காது. 2011இல் கலிஃபோர்னியா அரசு கண்காட்சித் திடல்களுக்குக் கொடுத்து வந்த, வருஷத்துக்கு மூன்று கோடி டாலருக்கும் மேலான உதவியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கூரை ஒழுகினாலும் திடல்தான் பணம் தேட வேண்டும். வருமானத்துக்காக யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விட்டால் அக்கம்பக்கத்தார் பகையாகிறார்கள். கவ் பேலசில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிகளை அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். 2019 மசோதாவுக்கு வலு சேர்த்ததே அந்தக் கோபம்தான். அந்த வருஷமே நிர்வாகக் குழு அந்தக் கண்காட்சிகளை நிறுத்த முடிவெடுத்தது. முன்பே செய்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்து உருப்படியாகக் காரியம் செய்தவர்கள் டென்னசி மாநிலத்து நாஷ்வில் மக்கள். 1906லிருந்து அங்கே திருவிழாக் கண்காட்சி நடந்த திடல், 117 ஏக்கர். மேயர் அதை மாற்றிக் கட்ட நினைத்தார். மக்கள் கையெழுத்து வாங்கி 2011 ஆகஸ்டில் பொதுவாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். சுமார் 71 சதவீதம் பேர் திடலுக்கு வாக்களித்தார்கள். கண்காட்சி, பழைய சாமான் சந்தை, கார்ப் பந்தயம் எல்லாம் அங்கேயே தொடர வேண்டும், 40 பேர் கொண்ட நகர மன்றத்தில் 27 வாக்கு இல்லாமல் எதையும் இடிக்கக்கூடாது என்று நகர சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். பின்னாளில் அந்தத் திடலின் ஒரு பகுதியில் கால்பந்து மைதானம் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அதற்கும் அந்த 27 வாக்கைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கிறது பார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுத் திட்ட வரைபடத்தையும் கேள். ஊராட்சிக்குள் வரும் இடம் என்றால் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கலாம், அது எழுத்தில் பதிவாக வேண்டும். சந்தை நாளில் சாணமும் நெரிசலும் தொல்லை என்று சுற்றி இருக்கிறவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாயே, அதை வியாபாரிகளோடு பேசி இப்போதே சரிசெய்யுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். மாடு பிடித்து வருகிற விவசாயிகளையும் தரகர்களையும் அவர்களோடு ஒன்றாக உட்காரவை.

பதில் கிடைத்ததும் காகிதங்களைப் படம் எடுத்து அனுப்பு, நானும் படித்துப் பார்க்கிறேன். சித்திரையில் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம். காங்கேயம் காளைகளைக் கண்ணபுரம் சந்தையில் பார்க்க வேண்டும் என்று நிலா பிடிவாதமாக இருக்கிறாள். தேதி தெரிந்ததும் எழுது, டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
கதிர்