மக என்ன படிக்கிறாள் என்று கேட்டாயே

அன்புள்ள சுடலை,

பிசான நடவு முடிந்தது, மதினிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, இரண்டும் நல்ல சேதி. பாளையங்கோட்டையில் இரண்டு நாளாக அடைமழை.

"மக நுரையீரல் செல்லுல உப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாளாம். ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று எழுதியிருந்தாய். அவள் விளக்கியபோது நீ தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பாய்! உடலியல் பாடம் நடத்தியே காலம் தள்ளியவன் நான், சொல்கிறேன் கேள்.

மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க செல்கள் போர்த்தியிருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத நீர்ப்படலம். அதற்குள் நுண்மயிர்கள் துடித்துத் தூசியையும் கிருமியையும் சளியோடு தொண்டைக்குத் தள்ளும். படலம் வற்றினால் மயிர் அசையாது, சளி தேங்கும். செல்லால் தண்ணீரை நேராக இறைக்க முடியாது. உப்பைத்தான் நகர்த்தும், தண்ணீர் அதன் பின்னால் போகும். உப்பில் இருப்பவை சோடியமும் குளோரைடும், இரண்டும் மின்னேற்றம் சுமப்பவை. சோடியம் உள்ளே வர ஒரு மடை, குளோரைடு வெளியேற இன்னொன்று. மடை பார்ப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதை அளப்பதுதான் அவள் வேலை. செல்களைச் சவ்வின் மேல், மேல்பக்கம் காற்றுப்படும்படி வாரக்கணக்கில் வளர்ப்பார்கள். பிறகு இரண்டு உப்புநீர் அறைகளுக்கு நடுவே பொருத்தி, குறுக்கே ஓடும் மின்னோட்டத்தைப் பார்ப்பார்கள். டென்மார்க்கின் ஹான்ஸ் உஸ்ஸிங் தவளைத் தோலில் செய்து, 1951-ல் வெளியிட்ட முறை. அமிலோரைடு என்ற மருந்தை விட்டால் சோடியம் மடை அடைபடும், ஓட்டம் சரியும். எவ்வளவு சரிந்ததோ அவ்வளவு சோடியத்தின் பங்கு. இதில் எனக்கு அலுத்ததே இல்லை.

குளோரைடு மடைக்கான மரபணு 1989-ல் கிடைத்தது. அது பழுதானால் வரும் நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி கெட்டியாகி, கிருமி குடியேறி, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். ஒரு வேடிக்கை பார், வியர்வைச் சுரப்பியில் இதே மடை எதிர்த்திசையில் வேலை செய்து உப்பைத் திரும்ப உறிஞ்சுகிறது. அதனால் இந்தக் குழந்தைகளின் வியர்வை அதிகம் கரிக்கும். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் இந்த நோய்தான் என்று பலமாகச் சந்தேகிக்கலாம்.

பிறக்கும் முன்பு நம் நுரையீரல் நிறைய தண்ணீர்தான், தெரியுமா? குளோரைடை வெளியேற்றி செல்களே சுரந்த தண்ணீர். பிரசவ நேரத்தில் சோடியம் மடை திறந்து அதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த மடை இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த சில நாட்களுக்குள் செத்தன என்று 1996-ல் காட்டினார்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரன் வியாதி என்றே நம் டாக்டர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். அதனால் இங்கே எத்தனையோ பிள்ளைகள் ஆஸ்துமா, காசநோய் என்று மருந்து சாப்பிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு, பழுதான மடையையே ஓரளவு வேலை செய்ய வைக்கிறது. விலைதான் நம் கைக்கு எட்டாது. ஆனால் வியர்வைச் சோதனைக்கு அவ்வளவு செலவில்லை. அதை மாவட்டத்துக்கு மாவட்டம் செய்ய வைப்பதுதான் முதல் வேலை என்பேன். உன் மக இதில் என்னோடு சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

பொங்கலுக்கு அவள் அம்பைக்கு வந்தால் ஒருநாள் இங்கே அனுப்பி வை. அந்த மின்னோட்டக் கணக்கை என் பிள்ளைகளுக்கு அவள் போர்டில் போட்டுக் காட்டட்டும்.

அன்புடன்,
கணபதி